காட்டு மேலாண்மைத் திட்டம் எழுதுகிறீர்களா? முதலில் இடம், அப்புறம் அளவு

மரம் வெட்டுகிறவர், ஆடுமாடு மேய்க்கிறவர், தேனும் மூலிகையும் எடுக்கிறவர், அடிவாரத்தில் ஓடைத் தண்ணீரை நம்பி இருக்கிறவர், பறவை பார்க்க வருகிறவர், கார்பன் கணக்கு கேட்கிற அலுவலகம் என்று ஒரே காட்டில் ஆறேழு பேர் பங்கு கேட்பார்கள். அத்தனை பேருக்கும் பதில் சொல்லும் ஒரு திட்டத்தை முதல்முறையாக எழுத உட்காருகிறவருக்கானது இந்த வழிகாட்டி.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம்?" என்ற கேள்வியில் தொடங்கி, மற்றதையெல்லாம் அந்த எண்ணுக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எது எங்கே என்பது முடிவானால், எவ்வளவு என்பது பெரும்பாலும் தானாக வந்துவிடும். எண்ணை முதலில் வைத்துவிட்டால் அப்புறம் இடம் கிடைக்காது. கீழே படிகள் இந்த வரிசையில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லை வரைபடம், மரத்தொகுதி வரைபடம் (இனம், வயது, அடர்த்தி, கன அளவு), ஓடைகளும் ஊற்றுகளும், சரிவு, மண் வகை, இருக்கும் சாலைகள். இவை அனைத்தும் ஒரே அளவீட்டில், ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளே போதும்.

அடுத்தது உரிமை ஆவணங்கள். யாருக்குச் சட்டப்படி உரிமை, யாருக்கு வழக்கத்தில் உரிமை, எந்த அனுமதி எப்போது முடிகிறது என்பதை முன்கூட்டியே தொகுத்து வையுங்கள். கூட்டத்தின் நடுவில் ஒருவர் பழைய ஆவணத்தை எடுத்து நீட்டினால் அதுவரை பேசியது எல்லாம் வீணாகிவிடும்.

இரண்டு காலக்கெடுவை முடிவு செய்யுங்கள். திட்டம் செயல்படும் காலம் பெரும்பாலும் பத்து ஆண்டு. ஆனால் விளைவைக் கணக்கிடும் காலம் குறைந்தது ஒரு முழு வெட்டுச் சுழற்சியாவது (ஓரிடத்தில் வெட்டியதிலிருந்து, அங்கே மரம் மறுபடி வளர்ந்து வெட்டும்வரை ஆகும் ஆண்டுகள்) இருக்க வேண்டும். பத்து ஆண்டை மட்டும் பார்த்தால் இருக்கும் முதிர்ந்த மரத்தையெல்லாம் இப்போதே வெட்டுவதுதான் லாபம் என்று எந்தக் கணக்கும் சொல்லும்.

கடைசியாக, இந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடப்போவது யார், மாற்றும் அதிகாரம் யாருக்கு? தெரியாமல் தொடங்காதீர்கள்.

2. யாருக்கு எது, எங்கே, எந்த மாதத்தில் என்று கேளுங்கள்

வருகிற எல்லாரையும் ஒரே பட்டியலில் "பங்குதாரர்" என்று போட்டுவிடுவது வழக்கமான தவறு. உரிமை உள்ளவர் வேறு, அக்கறை உள்ளவர் வேறு. காட்டுக்குள் தலைமுறையாக வாழும் மக்களையும் வார இறுதியில் நடைபயணம் வருகிறவரையும் ஒரே எடையில் வைக்க முடியாது. பழங்குடி மக்களின் நிலத்தைத் தொடும் முடிவுகளில் அவர்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும் என்பதை 2007-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடிகள் உரிமைப் பிரகடனம் சொல்கிறது. ஆகவே அவர்களோடு பேசுவதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தோடு சேர்த்துவிடாதீர்கள். அது தனியாக, முன்னதாக நடக்க வேண்டும்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் நிலைப்பாடுதான் பதிலாக வரும். "காடு முழுக்க மேய்க்க விட வேண்டும்" என்பார் ஒருவர். "ஒரு மரத்தையும் தொடக் கூடாது" என்பார் இன்னொருவர். அதை அப்படியே எழுதிக்கொண்டால் மோதல் மட்டும்தான் மிஞ்சும். வரைபடத்தை விரித்து வைத்து, எந்த மாதத்தில், எந்த வழியாக, எந்தத் தண்ணீருக்கு ஓட்டிப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். காடு முழுக்கக் கேட்டவருக்கு உண்மையில் தேவைப்படுவது கோடையில் மூன்று மாதம், ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு நீர்நிலைகள் என்று தெரியவரும். அதைப் பொருத்துவது சாத்தியமான காரியம்.

கூட்டத்துக்கு வராதவர்கள்தான் இந்தப் படியில் முக்கியம். ஓடையின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் எடுக்கிறவர்கள் தங்களுக்கும் இந்தக் காட்டுக்கும் தொடர்பு இருப்பதையே அறியாமல் இருக்கலாம். விறகும் கீரையும் சேகரிக்கும் பெண்கள் கூட்டம் நடக்கும் நேரத்தில் காட்டுக்குள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

3. ஒவ்வொரு சேவையையும் இடத்தோடு கட்டிப் போடுங்கள்

2005-இல் வெளியான மில்லேனியம் சூழல்தொகுதி மதிப்பீடு காடு தரும் சேவைகளை நான்காகப் பிரித்தது. மரம், விறகு, தண்ணீர், தேன் போல எடுத்துப் பயன்படுத்துபவை. வெள்ளத் தணிப்பு, மண் பிடிப்பு, கார்பன் சேமிப்பு போல ஒழுங்குபடுத்துபவை. வழிபாடு, பொழுதுபோக்கு போன்ற பண்பாட்டுச் சேவைகள். மண் உருவாக்கம், சத்துச் சுழற்சி போல எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்பவை. பிறகு மாற்றுத் திட்டங்களை ஒப்பிட (7-ஆம் படி) சேவைகளுக்கு மதிப்பெண் போடும்போது நான்காவது வகைக்குத் தனியாகப் போடாதீர்கள். அதன் பலன் மற்ற மூன்றிலும் ஏற்கெனவே வந்துவிட்டது; இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

ஒவ்வொரு சேவைக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: எங்கே உருவாகிறது, எங்கே பயன்படுகிறது, எந்த அலகில் அளப்பது, எந்த வேலை அதைக் கெடுக்கும். முதல் இரண்டும் வேறு வேறு இடமாக இருந்தால் அடிக்கோடு போடுங்கள். மேலே உள்ளவர் நஷ்டப்பட்டு, கீழே உள்ளவர் பயனடையும் இடம் அது. 8-ஆம் படியில் தேவைப்படும்.

தண்ணீரில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். "மரம் அதிகமானால் தண்ணீர் அதிகமாகும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அளவு, காலம், தரம் மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்து 1982-இல் வெளியான ஆய்வின்படி, பைன், யூக்கலிப்டஸ் மரப் பரப்பு 10 சதவீதம் குறைந்தால் ஆண்டு நீர்வரத்து சுமார் 40 மில்லிமீட்டர் கூடுகிறது. இலையுதிர் மரங்களில் சுமார் 25 மில்லிமீட்டர். அதாவது மரம் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் நீர் மழைக்காலத்தில் சேற்றோடு ஓடி வந்தால் யாருக்கு என்ன பயன்? மண்ணின் உறிஞ்சும் திறன் கெட்டுப்போனால் கோடை ஓட்டம் குறையவும் செய்யலாம்.

மரத்தின் வயதும் கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குத் தண்ணீர் தரும் மலைக்காடுகள் 1939 காட்டுத்தீயில் எரிந்தன. பிறகு அடர்த்தியாக முளைத்த இளங்காடு பழைய காட்டைவிட அதிகமாகத் தண்ணீர் இழுத்ததால், நீர்வரத்து பல பத்தாண்டுகளுக்குக் குறைந்து கிடந்தது. ஆகவே "காட்டுப் பரப்பு மாறவில்லை" என்பதை வைத்துத் தண்ணீரும் மாறாது என்று எழுதிவிட முடியாது.

கார்பனில் இருப்பும் வேகமும் குழம்பும். முதிர்ந்த காட்டில் இருப்பு அதிகம். இளங்காட்டில் சேரும் வேகம் அதிகம். எது கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு கணக்குப் போடுங்கள். தோராயக் கணக்குக்கு உலர் எடையை 0.47-ஆல் பெருக்கினால் கார்பன், அதை 44/12-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. உலர் எடை 100 டன் என்றால் ஏறத்தாழ 172 டன். கார்பன் எது, கார்பன் டை ஆக்சைடு எது என்று குறிக்காத அட்டவணையை நம்பாதீர்கள். இரண்டுக்கும் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

4. பேரத்துக்கு வராதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

மதிப்பெண் போடுவதற்கு முன்பே சில இடங்களை வரைபடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். சட்டம் தடுக்கும் இடங்கள், மண் சரியும் செங்குத்துச் சரிவுகள், ஓடைக்கரைகள், ஊற்றுக் கண்கள், வழிபாட்டு இடங்கள், அரிய இனங்கள் கூடு கட்டும் அல்லது குட்டி போடும் இடங்கள். மதிப்பெண் முறையில் ஒன்றின் இழப்பை இன்னொன்றின் லாபம் ஈடுகட்டிவிடும். ஊற்று வற்றிப் போனாலும் மர வருமானம் போதுமான அளவு கூடினால் மொத்த மதிப்பெண் உயர்ந்துவிடும். அதனால்தான் இவற்றை அந்தக் கணக்குக்குள்ளேயே விடக் கூடாது.

இந்தப் பட்டியலில் எல்லாரும் தங்கள் பங்கைச் சேர்க்கப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியால் சோதியுங்கள். இழந்தால் கணக்கிடும் காலத்துக்குள் திரும்புமா? வேறு இடத்தில் ஈடு கிடைக்குமா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் மட்டும் உள்ளே. பொறுப்போடு பேணப்படும் காடுகளுக்குச் சான்று தரும் எஃப்எஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பு 1999-இல் கொண்டுவந்த உயர் பாதுகாப்பு மதிப்பு என்ற முறையும் இதற்கு உதவும். இப்போது அதில் ஆறு வகைகள் உண்டு. உயிரினங்களோடு நிறுத்தாமல், மக்களின் அடிப்படைத் தேவைகளையும் பண்பாட்டு இடங்களையும் அது தனி வகையாகவே வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

ஓடைக்கரைக்கு எல்லா இடத்திலும் ஒரே அகலம் வைப்பது சோம்பேறித்தனம். செங்குத்தான, மணல் கலந்த கரைக்கு அதிகம் வேண்டும். தட்டையான, புல் மூடிய கரைக்குக் குறைவே போதும். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

5. மீதியைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் எண்ணுக்கு வருகிறோம். ஒரு கற்பனைக் காட்டை எடுத்துக்கொள்வோம்: 6,000 ஹெக்டேர், வெட்டுச் சுழற்சி 60 ஆண்டு. கண்ணை மூடிக்கொண்டு வகுத்தால் ஆண்டுக்கு 100 ஹெக்டேர் வெட்டலாம் என்று வரும். ஆனால் முந்தைய படியில் 1,500 ஹெக்டேர் ஒதுக்கிவிட்டோம். மீதி 4,500-ஐ 60-ஆல் வகுத்தால் 75.

அதில் நீர்ப்பிடிப்பான 1,500 ஹெக்டேருக்குச் சுழற்சியை 90 ஆண்டாக நீட்டினால்? அங்கே ஆண்டுக்குச் சுமார் 17, மீதி 3,000-இல் 50, மொத்தம் 67. ஆக, 100-க்குப் பதில் 67. பரப்பு இவ்வளவு குறைந்தாலும் மரத்தின் கன அளவு அதே விகிதத்தில் குறையாது. 90 வயது மரம் 60 வயது மரத்தைவிடப் பெரியது. ஆண்டுச் சராசரி வளர்ச்சி (மொத்தக் கன அளவை வயதால் வகுத்தால் வருவது) உச்சத்தை எட்டுவதற்கு முன்பே வெட்டிக்கொண்டிருந்த காடாக இருந்தால், சுழற்சியை நீட்டுவதால் அந்தப் பகுதியின் சராசரி மகசூல் கூடவும் செய்யும். மர வியாபாரி தரப்போடு பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

இந்த வகுத்தல் கணக்கு எல்லா வயது மரமும் சம பரப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. நிஜக் காடு அப்படி இருக்காது. அந்த 4,500 ஹெக்டேரும் 25 வயதுக்கு உட்பட்டது என்றால், இன்னும் 35 ஆண்டுக்கு 60 வயது மரம் ஒன்றுகூட இருக்காது. தாளில் 75, தரையில் பூஜ்யம். வயது வாரியான பரப்பு அட்டவணையைப் போட்ட பிறகே எந்த எண்ணையும் வெளியில் சொல்லுங்கள். ஒருமுறை சொன்ன எண்ணைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

6. எது எதோடு மோதுகிறது?

சேவைகளை மேலேயும் பக்கவாட்டிலும் எழுதி ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மோதுமா, ஒத்துப்போகுமா, சம்பந்தமே இல்லையா என்று குறியுங்கள். அப்புறம் மோதும் ஜோடிகளை மட்டும் எடுத்து, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் மோதுகின்றன என்று எழுதுங்கள்.

பாதி மோதல்கள் இங்கேயே கரைந்துவிடும், ஏனென்றால் அவை காலத்தால் வருபவை. பறவை கூடு கட்டும் மாதங்களில் வெட்டு இல்லை என்றால் பல இடங்களில் அது போதும். கன்றுகள் ஆடுமாடு எட்டாத உயரத்துக்கு வளரும்வரை மேய்ச்சலை அடுத்த பகுதிக்கு மாற்றினால் போதும்.

வேறு சில மோதல்களில் குற்றவாளி நாம் நினைக்கிறது இல்லை. ஓடையில் வண்டல் சேர்ந்தால் எல்லாரும் வெட்டைத்தான் திட்டுவார்கள். பல காடுகளில் வண்டலின் பெரும்பங்கு சாலைகளிலிருந்தும் ஓடையைக் கடக்கும் இடங்களிலிருந்தும் வருகிறது. வெட்டும் பரப்பைக் குறைக்காமல், ஒரு சாலையை மூடி, இரண்டு கடவைகளைச் சரிசெய்தாலே தண்ணீர் தெளியலாம்.

7. மூன்று நான்கு மாற்றுகள் தயார் செய்யுங்கள்

ஒரே ஒரு திட்டத்தைக் கொண்டுபோனால் ஆமா, இல்லை என்ற சண்டைதான் நடக்கும். குறைந்தது மூன்று வேண்டும். அதில் ஒன்று "இப்போது நடப்பது அப்படியே தொடர்ந்தால்" என்பதாக இருக்கட்டும். அதுதான் ஒப்பிடும் கோடு.

மாற்றுகளை உருவாக்கும்போது எல்லா இடத்திலும் எல்லாருக்கும் கொஞ்சம் என்று பரப்புவது ஈர்க்கும். நியாயமாகவும் தோன்றும். ஆனால் பெரிய தொடர்ச்சியான காடு தேவைப்படும் உயிரினத்துக்கு ஆங்காங்கே விட்ட துண்டுகள் உதவாது. மர உற்பத்திக்கும் எல்லா இடத்திலும் கட்டுப்பாடு இருந்தால் செலவு ஏறும். 1992-இல் அமெரிக்காவின் மெய்ன் காடுகளுக்காக முன்வைக்கப்பட்ட மூவகைப் பிரிப்பு நல்ல தொடக்கம்: ஒரு பகுதி தொடாத காப்பு, ஒரு பகுதி தீவிர உற்பத்தி, மீதிப் பெரும்பகுதி மென்மையான, பல நோக்கப் பயன்பாடு. விகிதத்தை மாற்றி மாற்றி வைத்தாலே மாற்றுகள் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு மாற்றையும் ஒரு வரைபடத்தாளில் புள்ளியாக வையுங்கள். கிடை அச்சில் மர வருமானம், நிலை அச்சில் முதுகாட்டுப் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். வெளிப்புறப் புள்ளிகளை இணைத்தால் பெரும்பாலும் வெளியே வளைந்த கோடு வரும். உற்பத்தியிலிருந்து எடுக்கும் முதல் ஹெக்டேர்கள் மலிவு, ஏனென்றால் அங்கே மரமும் மோசம், வழியும் மோசம். போகப் போகத்தான் விலை ஏறும். கோட்டுக்கு உள்ளே விழும் மாற்றை உடனே தள்ளிவிடலாம். அதைவிட இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் மேம்படுத்தும் வழி இருக்கிறது என்று அர்த்தம். சிறிய காட்டுக்கு விரிதாள் போதும். பெரியதற்கு நேரியல் நிரலாக்கம் (கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிக்கும் கணித முறை), அல்லது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இன்வெஸ்ட் போன்ற இலவச மென்பொருள்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, எடை போட்டுக் கூட்டும் மதிப்பெண். மிக மோசமான மாற்றுக்கு 0, மிக நல்லதுக்கு 100 என்று வைக்கும் முறையில், யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு அதீத மாற்றைச் சேர்த்தாலே மற்றவற்றின் தரவரிசை புரளலாம். எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதலிடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த முடிவை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் வரும் பணத்தின் மதிப்பை இன்றைக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்து எண்ணுகிறோம் என்பது. 60 ஆண்டு கழித்து வரும் 100-க்கு இன்றைய மதிப்பு, 5 சதவீத விகிதத்தில் 5 சொச்சம். 2 சதவீதத்தில் 30 சொச்சம். நீண்ட சுழற்சியா குட்டைச் சுழற்சியா என்பதை அந்த ஒரு எண்ணே தீர்மானித்துவிடும். யாரோ மென்பொருளில் வைத்துவிட்டுப் போன விகிதத்தை அப்படியே விடாதீர்கள். இரண்டு மூன்று விகிதத்தில் ஓட்டி, எல்லாவற்றையும் காட்டுங்கள்.

8. இழப்பவர் யார் என்று வெளிப்படையாக எழுதிப் பேசுங்கள்

ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு பக்கம். இதில் யாருக்கு என்ன கூடுகிறது, யாருக்கு என்ன குறைகிறது, எப்போதிலிருந்து என்று எளிய மொழியில் எழுதுங்கள். "அனைவருக்கும் பயன்" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். இழக்கிறவருக்குத் தான் இழப்பது தெரியும். நீங்கள் மறைக்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

3-ஆம் படியில் அடிக்கோடு போட்ட இடங்களுக்கு இங்கே தீர்வு தேட வேண்டும். நியூயார்க் நகரம் 1997-இல் தனக்குக் குடிநீர் தரும் கேட்ஸ்கில் மலைப் பகுதி ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. மேலே உள்ள நிலங்களைப் பேணவும் பண்ணைகளைச் சீர்படுத்தவும் நகரம் செலவு செய்யும். பதிலுக்கு மாபெரும் வடிகட்டு நிலையம் கட்டும் செலவு மிச்சம். பணம் வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் யார் என்று தெளிவாக இருந்ததால் அது நின்றது. உங்கள் காட்டில் கொடுக்கக்கூடியவர் யாரும் இல்லையென்றால், இழப்பை ஈடுசெய்வோம் என்று எழுதாதீர்கள்.

ஒத்துக்கொள்ளாதவரின் மறுப்பையும் காரணத்தோடு பதிவு செய்யுங்கள். திட்டத்தைப் பிறகு திருத்தும்போது அந்தப் பக்கம்தான் முதலில் புரட்டப்படும்.

9. பகுதி பகுதியாக எழுதுங்கள்

"பல்லுயிரைப் பேணியபடி நிலையான உற்பத்தி" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு களப்பணியாளர் என்ன செய்வார்? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு முதன்மை நோக்கம், அதைக் கெடுக்காத எல்லைக்குள் துணை நோக்கங்கள். இப்படி:

"பகுதி 14. முதன்மை நோக்கம்: நீர்ப்பிடிப்பு. துணை: மரம், தேன். வெட்டு முறை: தேர்வு வெட்டு (மரங்களை ஆங்காங்கே தேர்ந்தெடுத்து வெட்டுவது) மட்டும், ஒரு முறையில் நிற்கும் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மழைக்காலத்தில் வண்டி நுழையக் கூடாது. பொந்துள்ள மரங்களும் நின்றபடி பட்டுப்போன மரங்களும் வெட்டப்படாது. தேன் எடுப்போர் வழக்கமான பாதை திறந்திருக்கும். வடக்கு ஓடைக் கடவை முதல் ஆண்டிலேயே சரிசெய்யப்படும்."

பட்ட மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதி வைக்காவிட்டால், சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற நல்லெண்ணத்திலேயே அவற்றை முதலில் அகற்றிவிடுவார்கள். மரங்கொத்தி, ஆந்தை, எண்ணற்ற வண்டுகளுக்கு அதுதான் வீடு.

அடுத்தடுத்த பகுதிகளின் நோக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். காப்புப் பகுதியை ஒட்டியே தீவிர உற்பத்தி வந்தால், இடையில் ஒரு மென்பயன்பாட்டுப் பட்டையை விடுங்கள்.

10. எப்போது திருத்துவது என்பதையும் இப்போதே எழுதுங்கள்

"தொடர்ந்து கண்காணிக்கப்படும்" என்பதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முக்கியச் சேவைக்கும் ஒரு குறியீடு, ஒரு எல்லை, அளப்பவர், அளக்கும் மாதம், எல்லை தாண்டினால் நடக்க வேண்டியது என ஐந்தும் எழுத வேண்டும். உதாரணம்: பகுதி 14-க்குக் கீழே ஓடைக் கலங்கல், பெருமழைக்கு மறுநாள், எல்லை தொடர்ந்து இரண்டு முறை தாண்டினால் மேல்பகுதியில் வெட்டும் வண்டிப் போக்குவரத்தும் நிறுத்தம், காரணம் கண்டுபிடிக்கும்வரை. வேலை தொடங்கும் முன்பே ஒரு பருவமாவது அளந்து வையுங்கள். அடிப்படை எண் இல்லாமல் எல்லையைத் தாண்டியதா என்று யாரும் சொல்ல முடியாது.

குறியீடுகளைக் குறைவாக வையுங்கள். நாற்பது குறியீடு கொண்ட திட்டத்தில் இரண்டாம் ஆண்டே யாரும் எதையும் அளக்க மாட்டார்கள். ஏழெட்டு இருந்தால் நடக்கும்.

தீ, சூறாவளி, பூச்சித் தாக்குதல் வந்தால் 5-ஆம் படிக் கணக்கு அன்றைக்கே செல்லாததாகிவிடும். விழுந்த மரத்தையாவது எடுத்துக்கொள்கிறோம் என்ற அழுத்தம் அடுத்த வாரமே வரும், அதுவும் ஒதுக்கி வைத்த பகுதிகளிலிருந்தே. உற்பத்திப் பரப்பில் எவ்வளவு பாதிக்கப்பட்டால் ஆண்டு வெட்டளவு மறுகணக்கிடப்படும், அதுவரை வழக்கமான வெட்டு நிற்குமா, ஒதுக்கிய இடத்தில் விழுந்த மரத்தை எடுக்கலாமா, இதை முடிவு செய்வது யார் ஆகிய நான்கையும் திட்டத்தின் முன்பக்கத்தில், கையெழுத்துக்கு மேலேயே போட்டுவிடுங்கள்.